வெனிசுக்குப் போன குண்டூர்: இன்றைய இத்தாலியப் படங்கள் குறித்து ஒரு நூல் வியாபாரியின் எண்ணங்கள்

மலர்க் குழு அன்பர்கள் கடைக்கு வந்து, "வழக்கம்போல ஒரு சிந்தாமணிக் கட்டுரை, இல்லாட்டி நீலகேசிக் கட்டுரை கொடுத்துடுங்க ஐயா" என்று கேட்டார்கள். இந்த ஆண்டு இத்தாலிய சினிமாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு தம்பி, "நகரிக்கும் இத்தாலிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நான் பட்டம் பெற்றவன் அல்லன். நூல் வியாபாரி. படிக்கிற நூலும் உண்டு, பாவு போடுகிற நூலும் உண்டு. சோறு போடுவது இரண்டாவது. என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புக்காக நகரிக்கு வந்தவர். தமிழ்ச் சமணர் என்று சொன்னால் இன்றைக்கும் பலர், "சேட்டுங்களா? தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்பார்கள். சிந்தாமணியை எழுதியவர் எந்தச் சமயத்தவர் என்று திருப்பிக் கேட்பதை வயது ஏற ஏற விட்டுவிட்டேன்.

இத்தாலி எங்கள் ஊருக்கு முதலில் தொப்பி போட்டுக்கொண்டு குதிரை மேல் வந்தது. 1971இல் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளக்கு மோசகாடு' வெளியானது. அடுத்த ஆண்டே தமிழில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா'. நகரியில் இருப்பவனுக்கு இது ஒரு சௌகரியம். இந்தக் கொட்டகையில் தெலுங்குக் குதிரை, அந்தப் பக்கம் திருத்தணி போனால் தமிழ்க் குதிரை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே முதலாட்டத்துக்கு முதல் ஆளாகக் கொட்டகைக்குப் போய் உட்காருபவன் நான்தான். அந்தத் தொப்பியும் சுருட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்றே வெகு நாள் நினைத்திருந்தேன். செர்ஜியோ லியோனே என்ற இத்தாலியர் ஸ்பெயின் நாட்டு வறண்ட நிலத்தில் படம்பிடித்து, என்னியோ மொரிக்கோனேயின் இசையைச் சேர்த்து உலகுக்கு அனுப்பிய சரக்கு அது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அமெரிக்கக் கதை, இத்தாலியத் தயாரிப்பு, ஸ்பெயின் மண், தெலுங்கு வசனம், பார்ப்பவன் தமிழன். கலப்பு நூலில் நெய்த துணி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அது பழங்கதை. இத்தாலிய சினிமா பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்லாம் 1948ஆம் ஆண்டுப் படமான 'சைக்கிள் திருடர்கள்' அருகிலேயே நின்றுவிடுகின்றன. 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் வந்தபோது அந்தப் படம் இங்கே காட்டப்பட்டது, நம் கலைஞர்களை உலுக்கியது, எல்லாம் உண்மை. ஆனால் எழுபது வருஷமாக அதே சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தால் எப்படி? அந்த நாட்டில் இப்போது என்ன எடுக்கிறார்கள் என்று பார்க்கவேண்டாமா? சென்னையில் 2003 முதல் நடக்கும் திரைப்பட விழாவுக்குச் சரக்கு எடுக்கப் போகிற சாக்கில் சில தடவை போனேன். பிறகு மகள் ஒளித்தட்டு வாங்கி அனுப்பினாள். இப்போது பேரன் எதையோ அழுத்தி டிவியிலேயே வரவைத்துவிடுகிறான். ஆங்கில எழுத்து கீழே ஓடும். எனக்கு வேகம் போதாது. நிறுத்தி நிறுத்தி, அகராதியைப் புரட்டிப் பார்ப்பேன். இரண்டு மணி நேரப் படம் எனக்கு இரண்டு நாள்.

முதலில் 'கொமோர்ரா'. மத்தேயோ கர்ரோனே இயக்கி 2008இல் வந்தது. கான் விழாவில் பெரும் பரிசு பெற்றது. நேப்பிள்ஸ் நகரத்துக் கமோர்ரா என்னும் கொள்ளைக் கூட்டத்தைப் பற்றி ரொபெர்த்தோ சவியானோ 2006இல் எழுதிய புத்தகம்தான் மூலம். எழுதியதற்காக அந்த மனிதருக்கு உயிருக்கே ஆபத்து வந்து, அந்த ஆண்டிலிருந்து போலீஸ் காவலிலேயே வாழவேண்டியதாயிற்று. படத்தில் ஐந்து கதைகள் மாறி மாறி வருகின்றன. எல்லோரும் துப்பாக்கிப் பையன்களின் கதையைத்தான் பேசுவார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது பாஸ்குவாலே என்ற தையற்காரர் கதை.

பெரிய பெரிய ஃபேஷன் கம்பெனிகளுக்கான உடுப்புகளை அடிமட்ட ரேட்டுக்குக் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒரு பட்டறையில் அவர் மேஸ்திரி. சம்பளம் அற்பம். அங்கே போட்டிக்கு வந்திருக்கும் சீனத் தொழிலாளர்களுக்கு இரவில் திருட்டுத்தனமாகத் தொழில் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொள்கிறார். காரின் டிக்கியில் படுக்கவைத்துக் கூட்டிப்போகிறார்கள். பட்டறைக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பிறந்ததிலிருந்து யாரும் அவருக்குக் கைதட்டியதில்லை என்பது அந்த முகத்தில் தெரிகிறது. பிறகு கூட்டத்துக்குச் செய்தி எட்டுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, இவர் தப்புகிறார். தொழிலையே விட்டு லாரி ஓட்டப் போகிறார். கடைசியில் வழியோரக் கடை டிவியில், உலகப் புகழ் நடிகை ஒருத்தி அவர் கையால் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போகிறாள். பார்த்துவிட்டு லேசாக ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இங்கே நெய்த துணி எந்த ஊரில் எந்த முத்திரை குத்தி என்ன விலைக்குப் போகிறது என்று நெய்தவனுக்குத் தெரியாது. நூல் கொடுக்கிற எனக்கே தெரியாது. கொலை, போதைப்பொருள் என்று ஆரவாரமாக எடுக்கக்கூடிய படத்தின் நடுவில் ரேட்டும் கூலியும்தான் வேர் என்று கர்ரோனே காட்டினார் பாருங்கள், அங்கேதான் அவர் நம் ஊர் 'தாதா' படங்களிலிருந்து விலகுகிறார். நம் படங்களில் தாதாவுக்கு அம்மா இருப்பாள், நியாயம் இருக்கும், பின்னணி இசை இருக்கும். தொழில் மட்டும் என்ன என்றே தெரியாது. 'கொமோர்ரா'வில் கொலை நடக்கும்போது கேமரா கிட்டே போய் ரசிப்பதும் இல்லை, ஓடி ஒளிவதும் இல்லை. சினிமா தாதாவைப் பார்த்து ஆடிய இரண்டு பையன்களைக் கடைசியில் மண் அள்ளும் இயந்திரம் வாரிக்கொண்டு கடற்கரையில் போகிறது. ஒரு சொட்டு இசை கிடையாது.

அகிம்சை என்று சொல்லிக்கொள்கிற நீ எதற்கு இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கிறாய் என்று என் தமையனார் கேட்பார். இம்சை எது என்று தெரியாமல் அகிம்சையை எப்படி அறிவது? நீலகேசியே சுடுகாட்டில்தானே தொடங்குகிறது. என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். அடி படுகிறவனுக்கு வலிக்கிறது என்பது பார்க்கிறவனுக்குத் தெரிகிறதா, இல்லை கைதட்டத் தோன்றுகிறதா?

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனேன். வீட்டில் சண்டை வந்துவிட்டது. பாவ்லா கோர்த்தெல்லேசி என்ற நடிகை தானே இயக்கி நடித்து 2023இல் வெளியிட்ட படம். 'நாளை இன்னும் இருக்கிறது' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். இந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். அந்த ஆண்டு இத்தாலியில் வசூலில் அதுவே முதலிடம். 1946, ரோம் நகரம், போர் முடிந்த ஏழ்மை. தெலியா என்கிற குடும்பப்பெண். காலையில் கண் விழித்ததும் "குட்மார்னிங்" சொல்கிற மனைவிக்குப் புருஷன் கொடுக்கிற பதில் ஓர் அறை. அவள் ஊசி போடப் போவாள், துணி தைப்பாள், குடை பழுது பார்ப்பாள், சம்பாதித்ததைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுப்பாள், கொஞ்சத்தை ஒளித்து வைப்பாள்.

ஒரு காட்சியில் அவன் அவளை அடிப்பதை ஒரு நடனமாக எடுத்திருக்கிறார்கள். பாட்டு ஓடுகிறது. கையைப் பிடித்துச் சுற்றுகிறான், கழுத்தில் காயம் தோன்றி மறைகிறது. எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. அடியைக் காட்டி ரசிக்கவைக்காமல், தினம் தினம் ஒரே தாளத்தில் நடக்கிற சடங்கு அது என்று காட்டுகிறாள் என்று விளக்கினேன். எங்கள் வீட்டு அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "அடிச்சது அடிச்சதுதானே. அதுக்கு என்னத்துக்கு ஆட்டம்? வலிச்சவகிட்ட கேட்டு எடுத்தாளா?" என்றாள். "எடுத்தவளே பொம்பளைதான்" என்றேன். "இருக்கட்டுமே" என்றாள். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் பாதி சரி. அந்தக் காட்சியில் நமக்கு வலிக்கவில்லை. நாம் கவனிப்பது நடனத்தை. ஆனால் அதே படத்தில், அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னல் கதவை அவன் சாத்துகிறானே, அந்தச் சத்தத்தில் வலிக்கிறது. கோர்த்தெல்லேசி ஜன்னலோடு நிறுத்தியிருக்கலாம்.

படத்தின் முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும். அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. பழைய காதலனோடு ஓடிப்போகப் போகிறாள் என்றே நாமும் நம்புகிறோம். அவள் ஓடுவது ஓட்டுப் போட. 1946 ஜூன் 2, 3 தேதிகளில் நடந்த வாக்கெடுப்பில்தான் இத்தாலிய மக்கள் மன்னராட்சியை நீக்கிக் குடியரசைத் தேர்ந்தார்கள். நாடு தழுவிய தேர்தல் ஒன்றில் பெண்கள் வாக்களித்தது அதுவே முதல் முறை. வாக்குச் சீட்டை நாக்கால் நனைத்து ஒட்டவேண்டும், சாயம் பட்டால் செல்லாது என்பதால் வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லாம் உதட்டுச் சாயத்தைத் துடைக்கிறார்கள். அரிசி முறம் கீழே இறங்கியது அந்த இடத்தில்தான்.

சிரிப்புப் படங்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாவ்லோ ஜெனோவேசேயின் 'முற்றிலும் அந்நியர்கள்' 2016இல் வந்தது. நண்பர்கள் விருந்துக்குக் கூடி, எல்லோருடைய கைப்பேசியையும் மேஜைமேல் வைத்து, வருகிற செய்தியைச் சத்தமாகப் படிக்கவேண்டும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். குடி கெடுகிறது. உலகிலேயே அதிக முறை மறுபடி எடுக்கப்பட்ட படம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. கன்னடத்தில் 2018இல் 'லவுட்ஸ்பீக்கர்', இந்தியில் 2024இல் 'கேல் கேல் மே' என்று நம் நாட்டிலும் வந்தது. ஒரே அறை, ஒரே இரவு, செலவு குறைவு. தயாரிப்பாளர்கள் அதைச் சுற்றி மொய்த்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன். ஒரு தரம் பார்க்கலாம்.

இனி நான் மூன்று தரம் பார்த்த படம். 2010இல் வந்த 'நான்கு முறை'. இயக்கியவர் மிக்கேலாஞ்சலோ ஃப்ரம்மார்த்தினோ. இடம், இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியா மலைக் கிராமம். வசனம் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. எனக்கு அகராதி தேவைப்படாத ஒரே இத்தாலியப் படம்! ஆடு மேய்க்கும் கிழவர். இருமல். கோயில் தரையைப் பெருக்கிய தூசியை மருந்தென்று தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார். ஒரு நாள் அந்தப் பொட்டலம் தொலைகிறது, மறுநாள் இறந்துபோகிறார். ஆடுகள் வீட்டுக்குள் வந்து கட்டிலைச் சுற்றி நிற்கின்றன. அடுத்த காட்சியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி பிறந்து விழுகிறது. அந்தக் குட்டி மந்தையைப் பிரிந்து, வழி தவறி, ஒரு பெரிய மரத்தடியில் இரவில் ஒடுங்குகிறது. பனி பெய்கிறது. பிறகு வசந்தம். அந்த மரத்தை ஊர்த் திருவிழாவுக்கு வெட்டிக் கொண்டுபோய் நடுகிறார்கள். விழா முடிந்ததும் துண்டு போட்டு, கரிச் சூளையில் அடுக்கி, மண் பூசி மூட்டுகிறார்கள். கடைசியில் கரியாகி வீட்டு வீட்டுக்குப் போகிறது. புகைபோக்கியில் புகை.

மனிதன், விலங்கு, தாவரம், கனிமம் என்று நான்கு பிறவி. கலாப்ரியா நாட்டில் வாழ்ந்த பழைய கிரேக்க ஞானி பித்தாகரஸ் உயிர் உடல்விட்டு உடல் மாறும் என்று போதித்தவர். பள்ளிக்கூடத்தில் முக்கோணக் கணக்குக்காக நாம் உருப்போட்ட அதே பித்தாகரஸ்தான்.

தொல்காப்பிய மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்திருப்பதைப் படித்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் துள்ளிக் குதிப்பார்கள். நானும் முதல் தரம் குதித்தேன். 'ஆகா, நம் கொள்கையை இத்தாலியன் படம் எடுத்துவிட்டான்' என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாந்தரம் பார்த்தபோதுதான் உறைத்தது, அது நம் கொள்கை இல்லை. எங்கள் நூல்களின்படி உயிர் அடுத்த பிறவிக்குப் போவது அதன் வினைப்படி. ஃப்ரம்மார்த்தினோவின் படத்தில் வினை என்ற பேச்சே இல்லை. கிழவர் நல்லவரா கெட்டவரா என்று அவர் கேட்கவே இல்லை. மேலும் ஒன்று. மண்ணுக்கும் கல்லுக்கும்கூட நாங்கள் உயிர் சொல்வோம். ஆனால் தீயில் வெந்த கரிக்கு உயிர் கிடையாது, அது அசித்தம். இல்லறத்தாருக்கு ஆகாதென்று எங்கள் ஒழுக்க நூல்கள் விலக்கிய தொழில்களில் காடு வெட்டி விற்பதும் கரி சுடுவதும் உண்டு. நிலத்திலுள்ள உயிரும் மரத்திலுள்ள உயிரும் அதை அண்டிய சிற்றுயிர்களும் சேர்ந்து அழியுமே என்பதுதான் காரணம். அந்தச் சூளையை இயக்குநர் அழகு என்று காட்டுகிறார். எனக்கு அங்கே நெஞ்சு அடைத்தது.

இருந்தும் மூன்றாந்தரம் ஏன் பார்த்தேன்? அந்த ஆட்டுக்குட்டிக்காக. வாய்க்காலில் விழுந்து ஏற முடியாமல் கத்துகிறது. மந்தை போய்விட்டது. கேமரா அதை விட்டுப் போகவில்லை, தூக்கிவிடவும் இல்லை. மனிதனுடைய கதைக்குக் கொடுக்கும் அதே நேரம், அதே மரியாதை. உயிர்களிடத்தில் சமன் என்று நாங்கள் ஏட்டில் படித்ததை இத்தனை நேரம் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும்படி எந்தப் படமும் என்னை உட்காரவைத்ததில்லை. தத்துவத்தில் நான் அவரோடு வாதுக்கு நிற்பேன். படத்தில் அவர்தான் குரு.

அலிச்சே ரோர்வாக்கர் எடுத்த 'மகிழ்ச்சியான லாசரோ' 2018இல் கான் விழாவில் திரைக்கதைக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டது. ஒரு சீமாட்டி, புகையிலைத் தோட்டம், வாரத்துக்கு உழைக்கும் குடிகள். வார முறையை 1982இலேயே சட்டம் ஒழித்துவிட்டது என்பதைக் குடிகளிடம் சொல்லாமல் மறைத்து அடிமைகளாகவே வைத்திருக்கிறாள். பத்திரிகையில் வந்த ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதியதாம். அந்தக் குடிகளில் லாசரோ ஒரு வெள்ளந்திப் பையன். சீமாட்டி குடிகளைச் சுரண்டுகிறாள், குடிகள் லாசரோவைச் சுரண்டுகிறார்கள். இந்த இரண்டாவதைச் சொன்னதுதான் படத்தின் நேர்மை. மலையிலிருந்து விழுந்தவன் பல ஆண்டு கழித்து அதே வயதோடு எழுந்து நகரத்துக்கு வருகிறான். பழைய குடிகள் ரயில் பாதை ஓரத்தில் திருடிப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. கடைசியில் வங்கியில் அவனை அடித்தே கொல்கிறவர்கள் ரவுடிகள் அல்ல, வரிசையில் நிற்கும் நம்மைப்போன்ற வாடிக்கையாளர்கள். முற்பாதி அளவுக்குப் பிற்பாதி கட்டுக்கோப்பாக இல்லை. ஆனால் அந்தப் பையனின் முகம் போகமாட்டேன் என்கிறது.

ஆக, தொழில், குடும்பம், சிரிப்பு, தத்துவம், கதைபோன்ற கற்பனை என்று எந்த வகையிலும் அவர்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது. பிறகு எங்கே எனக்கு அவர்களிடம் குறை? பிழைக்க வந்தவர்களைக் காட்டும் இடத்தில்.

ஜான்ஃப்ராங்கோ ரோசியின் 'கடலில் தீ' என்ற ஆவணப்படம் 2016இல் பெர்லினில் தங்கக் கரடி பெற்றது. லாம்பெதூசா என்ற சிறு தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வருகிறவர்கள் கரை சேர்கிறார்கள், அல்லது பிணமாக வருகிறார்கள். அதே தீவில் ஒரு பையன் கவண்கல் எறிந்து விளையாடுகிறான். இருவரும் படம் முடியும்வரை சந்திக்கவே இல்லை. அந்தப் பிரிவைத்தான் இயக்குநர் சொல்லவருகிறார் என்று புரிகிறது. ஆனால் பையனுக்குப் பெயர் இருக்கிறது, பாட்டி இருக்கிறாள், கண் நோய் இருக்கிறது. வந்தவர்கள் கூட்டமாகவே நிற்கிறார்கள்.

அந்தக் குறையைத் தீர்ப்பதுபோலக் 'கொமோர்ரா' எடுத்த அதே கர்ரோனே 2023இல் 'நான்தான் கேப்டன்' எடுத்தார். வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம். செனகல் நாட்டு இரண்டு பையன்கள், செய்து, மூசா. பாலைவனம், லிபியாச் சிறை, சித்திரவதை. கடைசியில் பதினாறு வயதுச் செய்துவைப் படகு ஓட்டச் சொல்கிறார்கள். ஒருவரும் சாகாமல் கொண்டுவந்து சேர்க்கிறான். தலைக்குமேல் ஹெலிகாப்டர் வரும்போது, "நான்தான் கேப்டன்!" என்று கத்துகிறான். படம் முடிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுநாள் காலையில் கோபம் வந்தது. அய்யா, அதற்கடுத்து என்ன? படகை ஓட்டியவனைக் கடத்தல்காரன் என்று பிடித்துப்போடுவதுதானே அங்கே நடக்கிறது? அந்தப் பையன் கத்திய அந்த ஒரு வார்த்தையே அவன்மேல் சாட்சியாகுமே. நாட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே கர்ரோனே படத்தை முடித்துவிட்டார். இத்தாலியப் போலீசின் அறைக்குள் அவர் கேமரா போகவில்லை.

அந்த அறைக்குள் போன படம் எது? அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். வெற்றிமாறனின் 'விசாரணை'. 2015 செப்டம்பரில் அதே வெனிஸ் விழாவில், ஒரிஸோன்ட்டி என்ற பிரிவில் திரையிடப்பட்டு, ஆம்னெஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளை தரும் விருதைப் பெற்றது. இங்கே 2016 பிப்ரவரியில் வெளிவந்தது. பிழைக்கப் போன தமிழ்ப் பையன்கள், குண்டூர், பூங்காவில் படுக்கை, மளிகைக் கடையில் வேலை. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி லாக்கப்பில் அடி. இதுவும் கற்பனை இல்லை. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தாம் 1983இல் குண்டூரில் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். அதுவே மூலம்.

என் அளவுகோலை இதற்கும் வைத்தேன். அடி, கிட்டத்திலிருந்து காட்டப்படுகிறது. நடனம் இல்லை, ஜன்னல் சாத்தவில்லை. எங்கள் வீட்டு அம்மா பாதியில் எழுந்து போய்விட்டாள். கைதட்டத் தோன்றிய ஓரிடமும் இல்லை. ஒப்புக்கொண்டுவிடடா, விட்டுவிடுவான் என்று நானே மனசுக்குள் சொன்னேன். சொன்னபிறகு எனக்கே வெட்கமாயிருந்தது. பார்க்கிறவனையும் போலீஸ் பக்கம் நிற்கவைத்துவிடுகிறது அந்தப் படம். இத்தாலியப் படங்கள் எதுவும் என்னை இப்படிச் செய்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. பிற்பாதியில் அரசியல், ஆடிட்டர், பணம் என்று கதை வேறு தண்டவாளத்தில் ஓடுகிறது. முற்பாதியில் இருந்த நிதானம் அங்கே இல்லை. ஆனால் அந்தப் பிற்பாதி வேண்டும். நம்மவர்கள் சிலர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, ஆந்திராக்காரன் தமிழனை எப்படி அடிக்கிறான்" என்று பேசினார்கள். பாதியில் தூங்கிவிட்டார்கள் போலும். பையன்களைக் குண்டூரிலிருந்து மீட்டுக் கூட்டிப்போகிறவர் தமிழ்ப் போலீஸ், சமுத்திரக்கனி. அவர்கள் சாவது தமிழ் மண்ணில், தமிழ் பேசும் கைகளால். அடிக்கிற அதிகாரியாக நடித்த அஜய் கோஷ் தெலுங்கர். தம் மொழிக்காரர்களுக்கு இழுக்கு என்று ஒதுங்காமல் அந்த வேஷத்தைக் கட்டினார். தெலுங்கரோடு சம்பந்தம் வைத்து, தெலுங்கில் கணக்கெழுதிப் பிழைக்கிற நாம் இதைக் கவனிக்காமல் விடலாகாது.

இனி நகரிக்கு வருகிறேன். படம் வெனிசுக்குப் போவதற்கு ஐந்து மாதம் முன்பு, 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். இல்லை, பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்லின. செத்தவர்களில் பலர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தார், ஜவ்வாது மலைப்பக்கத்தவர். காடு வெட்டுவது ஆகாத தொழில் என்று மேலே எழுதினேன். அந்தத் தொழிலுக்கு ஆள் அனுப்புகிறவன் எவனும் அந்த இருபது பேரில் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது என் கிடங்கில் மூட்டை தூக்க மலைப்பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். அந்த வாரம் ஊருக்குப் போகவேண்டியவன் போகவில்லை. "பஸ்ல ஏறப் பயமா இருக்கு மொதலாளி. பேச்ச வெச்சே கண்டுபுடிச்சுர்றாங்க" என்றான். கடை லெட்டர்பேடில், இன்னார் என்னிடம் இத்தனை வருஷமாக வேலை செய்கிறான், நல்ல நடத்தை உள்ளவன் என்று தெலுங்கில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதை வைத்துக்கொண்டுதான் போனான், வந்தான்.

மறு வருஷம் திருத்தணிக் கொட்டகையில் 'விசாரணை' பார்த்துவிட்டு வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினான். வேர்வையில் எழுத்து மங்கி, மடிப்பில் நாலாகக் கிழிந்திருந்தது. வேறு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றான். எழுதி, தேதி போடப் பேனாவை வைத்தபோது, "தேதி வேணாங்க மொதலாளி, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றான். தேதி போடாமலே முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.